நான்கு முறை

டிசம்பர். டுலூத் துறைமுகத்தில்
அந்தப் பருவத்தின் கடைசிக் கப்பல்கள்
இரும்புத்தாது ஏற்றிக்கொண்டிருந்தன.
முதியோர் இல்லத்தில் எனக்கு இரவுப் பணி.
பதினான்காம் அறையில் ஆர்வில் லிண்ட்க்விஸ்ட்,
ரயில்வேயில் முப்பத்தெட்டு ஆண்டு,
கஞ்சியில் உப்பில்லை என்று
நாள் தவறாமல் கோபிப்பவர்.

அன்று மணியடித்தார்.
நான் கைபேசியில் பூட்ஸ் பார்த்துக்கொண்டிருந்தேன்.
பழுப்பா, கறுப்பா.
மறுபடி அடித்தார்.
பழுப்பு என்றால் அழுக்கு தெரியாது என்று தோன்றியது.
மூன்றாம் முறைக்கு
'வரேன், வரேன்' என்றேன்
அவருக்குக் கேட்காத தூரத்திலிருந்து.
நான்காம் முறை அடித்தபோது
என் கால் எட்டா, எட்டரையா
என்ற யோசனையில் இருந்தேன்.
பிறகு மணி அடிக்கவில்லை.
தூங்கிவிட்டார் என்று எடுத்துக்கொண்டேன்.

இடுப்பெலும்பு.
பதினோரு நாள்.

ஊழியர் அறைச் சுவரில் ஒரு சூரியகாந்தி,
அதன் கீழே வளைந்த எழுத்தில்:
நீ இருக்கிறபடியே போதும்.
டார்லா கட்டிக்கொண்டாள்,
'உன்னால் முடிந்ததைச் செய்தாய், பாவம் நீ.'
ஆலோசகர் ஒரு மஞ்சள் சீட்டு தந்தார்,
தினமும் கண்ணாடி முன் சொல்ல:
நான் என்னை மன்னிக்கிறேன்.
சொன்னேன்.
பல் துலக்கிக்கொண்டே, வாயில் நுரையோடு சொன்னேன்.
மன்னிப்பவளும் நான், வாங்கிக்கொள்பவளும் நான்.
கடன் பட்டவளே எழுதிக்கொண்ட ரசீது
எந்தக் கடையில் செல்லும்?
கண்ணாடிக்குள் இருந்தவள்
எதையும் கேட்காமல் தலையாட்டினாள்.
அவளுக்குத் தெரியும், எனக்கும் தெரியும்:
நான் முடிந்ததைச் செய்யவில்லை.
எழுந்து போக முடிந்தது.
பதினெட்டு அடி தூரம்.

பூட்ஸ் வந்து சேர்ந்தது.
கச்சிதமாகப் பொருந்தியது.
எதையும்விட அதுதான் தாங்கவில்லை.

சாம்பல் புதனன்று அதைத்தான் போட்டுப் போனேன்,
பழையதில் பனித்தண்ணீர் புகும்.
போதகர் சோல்வெய் ஓமட்
கட்டைவிரலால் நெற்றியில் அழுத்தி
மண் என்றார் என்னை,
திரும்பவும் மண்ணாவேன் என்றார்.
இரண்டு மாதத்தில்
யாரும் என்னிடம் இவ்வளவு மரியாதையாகப் பேசவில்லை.

எல்லோரும் போன பிறகு
கடைசி வரிசையில் உட்கார்ந்து சொன்னேன்.
பூட்ஸின் விலையைக்கூடச் சொன்னேன்.
வெப்பக்குழாய் டக் டக்கென்று தட்டிக்கொண்டிருந்தது.
முதுகைத் தடவுவார் என்று காத்திருந்தேன்.
'ஆமாம் வெர்னா,' என்றார், 'அது பாவம்.'

ஊரே என்னைப் பாவம் என்றது.
இவர் ஒருவர்தான்
நான் செய்ததைப் பாவம் என்றார்.
அழுகை அப்போதுதான் வந்தது,
அசிங்கமாக, மூக்கொழுக.

பிறகு தலையில் கை வைத்தார்.
கையில் சாம்பலும் பாத்திர சோப்பும் மணத்தன.
அதற்கும் சேர்த்துத்தான் அவர் சிலுவையில் தொங்கினார் என்றார்,
ஏதோ மளிகைக் கணக்கில்
விடுபட்டதைச் சேர்ப்பதுபோல.
அதற்கும் சேர்த்து.
என்னிடமிருந்து வராத ஒன்று
எனக்கு வந்தது.
இதற்கு மேல் அதை விளக்க எனக்குத் தெரியவில்லை.

அன்றிரவு நிம்மதியாகத் தூங்கினேன் என்று சொல்ல ஆசை.
தூங்கவில்லை.
மறுநாள் மேலாளரிடம் எழுதிக்கொடுத்தேன்.
அடையாள அட்டையை வாங்கிக்கொண்டார்கள்.

ஞாயிறு ஆராதனை முடிந்து
க்ளோக்கே ஊருக்கு வண்டியோட்டினேன்.
ஆர்விலின் மகள் ஜோலீன் கதவைத் திறந்தாள்,
கையில் மாவு, உள்ளே எங்கோ நாய் குரைத்தது.
'உங்களால் முடிந்ததைச் செய்தீர்கள் என்று சொன்னார்களே,'
என்று அவளே ஆரம்பித்தாள்.
இல்லை என்றேன்.
சொல்லி முடிக்கும்வரை
என் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்,
பழுப்பு பூட்ஸை.

'எத்தனை முறை அடித்தார்?'
'நான்கு.'

அவள் எதுவும் சொல்லவில்லை.
உள்ளே வா என்று சொல்லவில்லை,
கதவையும் சாத்தவில்லை.
அவள் வீட்டுக்குள்
குளிர் போய்க்கொண்டே இருந்தது.