மூன்றாவது

பவானியிலிருந்து வந்திருந்தார் செங்கோடன்,
என் கணவருக்கு ஏதோ ஒரு முறையில் பங்காளி.
விடியலில் பத்துமலை ஏறி இறங்கி,
இரட்டைக் கோபுரத்தடியில் கழுத்து வலிக்க அண்ணாந்து,
இப்போது மஸ்ஜித் ஜமேக்கின் பின்னால்
கைப்பிடிச் சுவரில் சாய்ந்தபடி கேட்டார்:
"ஆறு எங்கம்மா?"

காட்டினேன்.
சிமெண்டுத் தொட்டிக்குள் தே தாரிக் நிறத்தில்
கிள்ளான் ஒருபுறம், கோம்பாக் மறுபுறம்.
ராத்திரி பெய்த மழையில்
யாருடையதோ ஒற்றைச் சிலிப்பர்
இரண்டிலும் சேராமல் நடுவே சுழன்றது.

அவர் சிரிக்கவில்லை.
செருப்பைக் கழற்றினார்.
"எங்க கூடுதுறையில மூணாவது ஒண்ணு இருக்கு.
கண்ணுக்குத் தெரியாது. அடியில ஓடும்."
இறங்க வழி தேடினார்.
படிக்கட்டின் கதவில் பூட்டு.

அப்போது
பாதத்தின் கீழ் லேசான அதிர்வு.
எல்.ஆர்.டி.

பதினோரு வருடமாய்,
காலை ஏழு இருபதுக்கு,
கதவோரம் ஒடுங்கி, கைப்பேசியில் தலை கவிழ்ந்து
இந்த நீருக்கு அடியில் ஓடிக்கொண்டிருந்தவள்
நான்தான்.

சொல்லவில்லை.
அவர் போத்தல் தண்ணீரை உள்ளங்கையில் சரித்து
உச்சியில் தெளித்துக்கொண்டார்.
மிச்சத்தை என்னிடம் நீட்டினார்.

குடிக்கவா, தெளிக்கவா?
கேட்காமல் வாங்கிக்கொண்டேன்.