முப்பத்திரண்டு இடம்

அஸ்ருல் சுவரில் துளை போட்டான்,
சிமெண்டுத் தூளை என் துடைப்பத்தாலேயே கூட்டினான்,
"சியாப், காக்" என்று கைப்பேசியில் விரலால் ஒரு கையெழுத்து வாங்கிக்கொண்டு
அடுத்த தாமானுக்குப் போய்விட்டான்.

மேசைமேல் வெள்ளைப் பெட்டி.
நாலு பச்சை விளக்கு, ஒரு சிவப்பு.

சிவப்பை எனக்குத் தெரியும்.
கையுறைத் தொழிற்சாலையில் பதினோரு வருஷம்.
சிவப்பு எரிந்தால் கை வைக்காதே,
சூப்பர்வைசரைக் கூப்பிடு.
இங்கே யாரைக் கூப்பிட?
அணைத்தேன். முப்பது எண்ணினேன். போட்டேன்.
கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுப்
பச்சையானது.

கவிழ்த்தால் அடியில் ஒரு ஸ்டிக்கர்,
எறும்பு எழுத்தில் கடவுச்சொல்.
அது பூஜ்யமா, ஓ-வா?
கண்ணாடி போட்டுப் பார்த்தேன், டார்ச் அடித்துப் பார்த்தேன்.
மூன்று தடவை ஓ என்றே நம்பினேன்.
பூஜ்யம்தான் கதவைத் திறந்தது.

எங்கே வைப்பது என்று அடுத்த பஞ்சாயத்து.
டிவி பக்கத்தில் வைத்தால் பின்னறைக்கு எட்டவில்லை,
நடுவில் இரும்பு அலமாரி.
ஐஸ்பெட்டிமேல் வைத்தால் பெட்டி உறுமும்போதெல்லாம் திணறுகிறது.
வினோஷா கைப்பேசியைத் தூக்கிக்கொண்டு வீட்டை அளந்தாள்:
"இங்க ரெண்டு கோடு… இங்க ஒண்ணு…
மா! பாத்ரூம்ல ஃபுல்லு!"
கடைசியில் செருப்பு ரேக்குக்கு மேலே ஆணி அடித்து
இரண்டு ஆன்டெனாவையும் நிமிர்த்திவிட்டேன்.

திரையில் எங்கள் லோரோங்கே வரிசையில் நின்றது.
லிம் மோட்டார்.
ஜங்கான் சூரி.
முனியாண்டி 5ஜி.
மணியம் கடன் எப்போ:
அது பத்தாம் நம்பர் வீடு.
மணியம் பதினொன்று.

எனக்கும் ஒரு பெயர் கேட்டது.
"ஏதாவது போடுங்கமா, யாரு பாக்கப் போறா?"

தண்ணீர் பில் அவர் பெயரில்.
மின்சார பில் அவர் பெயரில்.
தோட்டம் மூடினபோது கொடுத்த இந்த வீட்டின்
கிராண்டும் அவர் பெயரில்.
ஜொகூரில் கொள்கலன் லோரி ஓட்டுகிறார்,
மாதம் இரண்டு சனிக்கிழமை வருவார்.
கெட்டவர் இல்லை.
பில்லைப் பிரித்துப் பார்த்ததில்லை, அவ்வளவுதான்.
இந்த இணைப்பு ஒன்றுதான்
என் அடையாள அட்டை, என் கையெழுத்து,
இருபத்துநாலு மாத ஒப்பந்தம்.

தமிழிலேயே தட்டினேன்:
வசந்தமலர் வீடு.
நீளம் அதிகம் என்றது.
முப்பத்திரண்டு இடம்தானாம்.
தமிழில் ஒரு வ-வுக்கு மூன்று இடம்,
ஒரு புள்ளிக்கே மூன்று இடமாம்.
வினோஷா கணக்குப் போட்டாள், படிவம் ஐந்து மூளை:
"எட்டு இடம் கூடிருச்சுமா. எதையாவது எடுங்க."

எதை எடுப்பது?

வீட்டை எடுத்தேன்.

வசந்தமலர்.
இருபத்தேழு இடம்.
ஐந்து இடம் மிச்சம்கூட இருந்தது.

அன்று இரவு ஷிஃப்டுக்குப் பேருந்து ஏறப் போகையில்
கைப்பேசியைப் பார்த்தபடியே நடந்தேன்.
மணியத்தின் வாசலில் மூன்று கோடு.
செம்பனைக் குலை சிந்திக் கிடந்த முனையில் இரண்டு.
லிம் பட்டறைத் தகரத்தைத் தாண்டும்போது
என் பெயர் ஒற்றைக் கோட்டில் தொங்கி
விழுந்தது.
விடிந்து அதே தகரத்தருகே வந்தேன்,
யாரும் கேட்காமலே திரும்ப ஏறிக்கொண்டது.

சனிக்கிழமை அவர் வந்தார்.
சாப்பிட்டுக் கை கழுவி, பழைய போனை எடுத்து,
"நம்ம லைன் எது?"
"மேலேயிருந்து முதலாவது."
"என்னமோ ஒம்பது கட்டம் தெரியுது."
அந்தப் போனுக்குத் தமிழ் தெரியாது.
"அதுதான்" என்றேன். "அழுத்துங்க."

கடவுச்சொல்லை நிதானமாகத்தான் சொன்னேன்,
ஒவ்வொரு எழுத்தாக.
பூஜ்யம் என்றுதான் சொன்னேன்.

அவர் ஓ போட்டுவிட்டுக்
காத்திருக்கிறார்.