வாலெலும்பு

மழை விட்ட மறுநாள்
கிபாலே காட்டோரச் செம்மண் சாலையில்
வாடகை மோட்டார் சைக்கிள் என்னை உதறிவிட்டுப் போனது.
உட்கார்ந்த வாக்கில் விழுந்தேன்.

ஃபோர்ட் போர்ட்டல் ஆஸ்பத்திரியில்
எக்ஸ்ரேயை ஜன்னலுக்கு நேரே பிடித்து
"வாலெலும்பில் விரிசல்" என்றாள் டாக்டர்.
சிரித்தேன். சிரித்தால் வலித்தது.
இல்லாத வாலில்
எனக்கு எலும்பு முறிவு.

ஆறு வாரம் குப்புறக் கிடந்தால்
யாருக்கும் யோசனை வரும்.

என் வேலை இது:
விடியுமுன் கூட்டுக்குக் கீழே போய் நிற்பது.
மேலே இலைமெத்தையில் புரண்டெழும் சிம்பன்சி
காலையில் செய்யும் முதல் காரியத்துக்குப்
பிளாஸ்டிக் தாளை விரித்துப் பிடிப்பது.
சில நாள் தாளில் விழும்.
சில நாள் தொப்பியில்.
உறிஞ்சி, குழாயில் அடைத்து, எண் எழுதி,
ஐஸ் பெட்டியில் வைத்தால்
மாசம் பிறந்ததும் சம்பளம்.

ஞாயிற்றுக்கிழமை தேவாலய வாசலில்
பாடகர் குழுத் தலைவர் ருஹுண்டே கேட்பார்:
"உன் தாத்தா சுகமா?
இன்னும் மரத்தில்தான் இருக்கிறாரா?"
குடைகளெல்லாம் குலுங்கும்.

தாத்தா இல்லை ஐயா.
பங்காளி.

ஒரே வீட்டில் இருந்தோம்.
பாகம் பிரிந்து
அறுபது எழுபது லட்சம் வருஷம் இருக்கும்,
பத்திரம் எதுவும் இல்லை, பல்லும் தாடையும்தான் சாட்சி.
அந்த வீட்டுக்காரி
என் ஜாடையும் இல்லை, அவர்கள் ஜாடையும் இல்லை.
பிரிந்த இடத்திலேயே அவர்கள்
நமக்காகக் காத்து நிற்கவும் இல்லை.
நாம் நடந்த அத்தனை காலமும்
அவர்களும் வந்துகொண்டுதான் இருந்தார்கள்,
வேறு வழியாக.

வால் போனது அதற்கும் வெகு முன்னால்.
எதிர்மரத்தில் கொலோபஸ்கள்
வெள்ளைக் குஞ்சலத்தைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருக்கின்றன.
அவர்கள் இன்னும் தூரத்துச் சொந்தம்,
கல்யாணத்துக்கு மட்டும் சொல்லியனுப்புகிற தூரம்.

பங்காளி என்றால் சும்மாவா.
பங்கு கேட்பான்.
என் தங்கை புருஷன் ககோரோ
காட்டை ஒட்டிச் சோளம் போட்டிருக்கிறான்.
பால் பிடிக்கும் நாளை
அவனுக்கு முன்னால் அவர்கள் தெரிந்துகொள்கிறார்கள்.
தகரத்தைத் தட்டிப் பார்த்தான். கத்திப் பார்த்தான்.
பிறகு ஒருநாள்
சைக்கிள் பிரேக் கம்பியைச் சுருக்குப் போட்டு வைத்தான்.
காட்டுப்பன்றிக்கு என்றான்.
பன்றிக்காகவே இருக்கலாம்.

விழுந்தது ஒரு பெண்ணின் வலது கை.
கம்பியோடு பிய்த்துக்கொண்டு ஓடினாள்.
ஒரு மாசம் அழுகி
மணிக்கட்டோடு உதிர்ந்தது.
நான் எல்லாவற்றையும் குறித்து வைத்தேன்,
தேதி, நேரம், மரம்.
ககோரோ வீட்டில் சாப்பிடவும் செய்தேன்.

எங்கள் டோரோ வழக்கத்தில்
பிள்ளைக்குப் பெயரோடு ஒரு செல்லப்பெயரும் உண்டு.
மொத்தமே பன்னிரண்டு. அதில் ஒன்று அரசருக்கு.
மிச்சப் பதினொன்றை ஊரே பங்கிட்டுக்கொள்கிறது.
பார்த்ததும் அதைக் கேட்காமல்
முகமன் சொல்ல முடியாது.
கோபத்திலும் அதைச் சொல்லித்தான் கூப்பிட வேண்டும்,
கூப்பிட்டதும் கோபம் பாதி இறங்கிவிடும்.

போன வாரம் வேலைக்குத் திரும்பினேன்.
ஒற்றைக் கைக்காரி கூட்டில் எழுந்து உட்கார்ந்தாள்.
மடியில் புதுக்குட்டி.
குட்டையான மணிக்கட்டால் அதை அணைத்துக்கொண்டு
மறுகையால் என்னைப் போலவே
இடுப்புக்குக் கீழே சொறிந்துகொண்டாள்.
தாளில் சரியாக விழுந்தது.

சீட்டில் எழுதினேன்: பெண், ஒன்பதாம் எண், ஆறு மணி பத்து நிமிஷம்.
ஓரமாக, சின்ன எழுத்தில்,
அடியேரி.

ஜெர்மனி ஆய்வகத்திலிருந்து கடிதம் வந்திருக்கிறது.
"ஒன்பதாம் எண் அருகில் உள்ள சொல்
எந்தக் குறியீடு? பட்டியலில் இல்லை.
விளக்கவும்."

விளக்கலாம்தான்.
உட்கார்ந்து எழுத வேண்டும்.
இன்னும் வலிக்கிறது.