சம்மதம்

கண்டி ஆஸ்பத்திரி. ஐந்தாம் நாள்.
தம்பி மருதவீரனின் நெஞ்சு ஏறி இறங்குகிறது.
அது மிசினின் மூச்சாம்.

படிவம் சிங்களத்தில்.
நர்ஸ் பஸ்மியா வரிவரியாகச் சொல்கிறாள்:
சிறுநீரகம் இரண்டு, ஈரல், கண்.
"சில நாட்டுல இப்பிடிக் கேக்கவே மாட்டாங்க அக்கா.
உயிரோட இருக்கப்ப வேணாம்னு சொல்லாட்டி
சம்மதம்னுதான் கணக்கு."

அந்த நாட்டை எனக்குத் தெரியும்.
பொகவந்தலாவைக்கு மேலே, நாலாம் நம்பர் மலை.
வாய் திறக்காததையெல்லாம் சம்மதமாக்கி
அரைப்பேர் போட்டார்கள்,
சாக்குக் கழிவென்று இரண்டு கிலோ வெட்டினார்கள்.
தாத்தா காலத்தில்
நாட்டையே கழித்தார்கள்.

இங்கே நாற்காலி போட்டு,
தண்ணீர் கொடுத்து,
மாட்டேன் என்றாலும் கோபமில்லை என்று
கேட்கிறார்கள்.

எனக்குத்தான் பதில் சொல்லிப் பழக்கமில்லை.

யாருக்குப் போகும்?
சொல்லக்கூடாதாம்.
பட்டியலில் ரத்தம் பொருந்திய ஒரு பேர்.
சரி,
முழுப்பேராகவே விழட்டும்.

மறுநாள் அவனோடு வண்டியில் திரும்பினேன்.
கினிகத்தேனையில் மழை பெய்தது.
வைப்பர் வேலை செய்யவில்லை, டிரைவர் ஓரங்கட்டினான்.
ஏதோ ஒரு வார்டில்
இரண்டு வருசமாக வறண்டு கிடந்த யாரோ
அந்நேரம்
பெய்திருக்கக்கூடும்.