ஒன்பதாவது கோப்பு

அலுமாரி நிற்கும் இடம் கணக்கில் வராது
என்றார் திருமதி ரணவக்க.
அளவு நாடாவின் ஒரு முனை என் கையில்,
மறுமுனை அவரிடம்.
நடுவில் தவழ்ந்து வந்த உமைர்
அதைக் கடித்துப் பார்த்தான்.

வெள்ளவத்தையில் கடலுக்கு இறங்கும் ஒழுங்கை.
கீழ்வீடு.
முன்னறையும் சாப்பாட்டறையும் சேர்த்து
எட்டுப் பிள்ளைகளுக்குத்தான் காணும்.
நான் ஒன்பது என்று கேட்டிருந்தேன்.
சிங்களப் படிவத்தை நிரப்பித் தந்த
கொமியூனிகேஷன் கடைப் பெடியன்
பத்து என்று எழுதி வெட்டியிருந்தான்.
வெட்டின இடத்தில் கையெழுத்து வேண்டுமாம்.
வைத்தேன்.

காஸ் சிலிண்டர் வெளியே.
தீயணைக்கும் சிவப்புக் குழல் உள்ளே,
பிள்ளைக்கு எட்டாத, எனக்கு எட்டுகிற உயரத்தில்.
நான் ஐந்தடிக்குக் கொஞ்சம் குறைவு.
ஆணி அடிக்கவே அரைநாள் போயிற்று.
நான் ஒருவருக்கும் ஒன்றும் செய்ததில்லை என்று
பொலிசிலிருந்து ஒரு கடிதம்,
நான் இங்கேதான் இருக்கிறேன் என்று
கிராம சேவகரிடமிருந்து இன்னொன்று.
மாநகர சபையால் வந்த பீ.எச்.ஐ.
சின்னக் கழிப்பறையை எட்டியும் பார்க்கவில்லை.
ஜன்னலோரம் போத்தலில் நின்ற மணிபிளான்டைத்
தூக்கி, வெயிலில் பிடித்து, நுளம்புக்குஞ்சு தேடினார்.

பகல் தூக்கத்துக்கும் விதி இருக்கிறது.
பாய்க்கும் பாய்க்கும் எவ்வளவு இடைவெளி,
மின்விசிறிக்கு எப்படிக் கூடு.
கரையோர ரயிலைப் பற்றித்தான் ஒன்றுமில்லை.
அது போகிறபோது செனுகி மட்டும் எழும்பி
"கோச்சி" என்று சொல்லிவிட்டுத்
திரும்பப் படுப்பாள்.
அவள் வீட்டிலும் என் வீட்டிலும்
ஏறக்குறைய அதே சொல்.

உங்களுக்கும் பிள்ளை உண்டா என்று கேட்டார்.
ஓம். கேஷவி. நாலு வயது.
அப்படியென்றால் அவளும் ஒரு தலை.

இரவு காசுக்கணக்குப் பார்த்தேன்.
அடுத்த கிழமை அலுமாரி போயிற்று.
வாசலால் போக மறுத்தது,
கதவைக் கழற்ற வேண்டியிருந்தது.
சேலைகள் இப்போது கட்டிலுக்குக் கீழே,
சூட்கேசில்.

தலைக்கொரு கோப்பு வேண்டும்.
எட்டையும் முடித்துவிட்டு அவளுக்குத் தொடங்கினேன்.
தடுப்பூசி அட்டை. இரத்த வகை.
ஒத்துக்கொள்ளாதது: அன்னாசி.
தாயின் வேலையிடம் என்ற கோட்டில்
வீட்டு விலாசத்தையே திரும்ப எழுதினேன்.
அவசரத்துக்கு அழைக்க, என் இலக்கம்.
பராமரிப்பாளர் கையெழுத்து, பெற்றோர் கையெழுத்து,
ஒரே பேனை;
இரண்டாவது கொஞ்சம் சரிந்துவிட்டது.
பிள்ளையைக் கூட்டிப்போகும் நேரம்?
அதை வெறுமையாய் விட்டேன்.

ஐந்தரைக்கு உமைரின் வாப்பா.
பிறகு ஹெல்மெட்டைக் கழற்றாமலே செனுகியின் அம்மா.
மழை தொடங்கியதால் மற்றவர்களுக்கு முச்சக்கர வண்டிகள்,
ஒழுங்கை முழுக்க ஹோர்ன்.
எல்லாரும் போய்க் கேற்றைச் சாத்த வந்தால்
கேஷவி படியில் நிற்கிறாள்.
சப்பாத்து, பை, தோளில் தண்ணிப்போத்தல்.
"ரீச்சர், என்ர அம்மா எப்ப வருவா?"

ஏப்ரனைக் கழற்றிக் கொளுவினேன்.
குடையை எடுத்துக்கொண்டு வெளியே போய்க்
கேற்றைச் சாத்தினேன்.
மணியை அடித்தேன்.

ஓடிவந்தாள்,
வரவுப் புத்தகத்தைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு.
"முதல்ல சைன் வையுங்கோ."