ஒரு குன்றிமணி

மூஸ் ஜாவில் பிப்ரவரி. கர்லிங் அரங்கின் பின்கூடத்தில்
துப்பாக்கிச் சந்தை.
கையுறையைக் கழற்றுவதில்லை, கழற்றினால் வாங்கிவிடுவேன்
என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு போனேன்.
ஹ்ரினியுக்கின் மேசையில் மூன்று தராசுகள்.
கழற்றினேன்.

முதலாவது பளபளத்தது.
தட்டைத் தூக்கி வைத்தேன், சுழியத்தில் நின்றது.
மறுபடி வைத்தேன், அரைக்கோடு கீழே நின்றுகொண்டு
வந்துவிட்டேன் என்றது.
கத்திமுனை மழுங்கியிருக்கும். வேண்டாம்.

இரண்டாவதின் கோல்
பந்தியில் இடம் பிடிக்கத் தவிப்பவர்போல
எழுந்தும் அமர்ந்தும் அடங்கவே இல்லை.
ஆட்டத்தை அடக்கும் காந்தத்தை யாரோ பிடுங்கி
ஃபிரிட்ஜில் மின்கட்டண ரசீது ஒட்டியிருக்கலாம்.

மூன்றாவது அழுக்கு. பச்சைச் சாயம் உரிந்து
வாத்தின் கழுத்துபோல் ஒரு நிறம்.
ஆனால் கத்தி அமரும் அகேட் கல்லில் கீறல் இல்லை.
பத்து முறை தூக்கி வைத்தேன், பத்து முறையும் ஒரே கோடு.
சிகரெட் தாளில் நகக்கண் அளவு கிள்ளிப் போட்டேன்,
அதற்கும் அசைந்தது.
என் சோதனைக் கல் ஐம்பது கிரெயின்;
நாற்பத்தொன்பதே முக்கால் என்றது.
எத்தனை முறை கேட்டாலும் அதே முக்கால்.
ஒரே பொய்யைச் சொல்பவனோடு குடித்தனம் நடத்தலாம்,
வேளைக்கு ஒன்று சொல்பவனோடு முடியாது.
நாற்பது டாலர். ஹ்ரினியுக் எண்ணாமல் பையில் போட்டார்.

வீட்டில் ஊசியால் பல்லிடுக்கில் சுரண்டினேன்.
எடைக்குண்டு இறங்க விடாமல் முப்பது வருட எண்ணெய்ப் பிசுக்கு.
ஐம்பது, ஐம்பதே ஆனது.

பகலில் எலிவேட்டரில் கோதுமை லாரிகளை நிறுக்கிறேன்.
சக்கரத்துப் பனியும் சேர்ந்தே நிற்கும்;
இருபது கிலோவுக்கு அங்கே யாரும் முகம் சுளிப்பதில்லை.
இரவில் நிலவறையில்
ஒரு கிரெயினில் பத்தில் ஒன்று.
அதற்கே அறுநூறு மீட்டரில் துளை ஓரங்குலம் தள்ளிப்போகும்.
இரண்டு கிரெயின் கூடினால்
தாளில் விழவேண்டியது முகத்தில் விழலாம்.
மின்தராசும் இருந்தது,
ஃபர்னஸ் உறுமும்போதெல்லாம் எண்கள் நடக்கத் தொடங்கும்.

செவ்வந்தி கீழே வந்தாள். ஃபர்னஸை ஏன் நிறுத்தினீங்க
என்று கேட்க வந்தவள்
தராசைப் பார்த்துவிட்டு மேலே போய்ப் பதக்கத்தோடு திரும்பினாள்.
அண்ணன் சுடலைமுத்து கல்யாணத்துக்குப் போட்டது. ஒரு பவுன்.
"சும்மா வச்சுப் பாருங்களேன்."

பவுனுக்கு நூற்று இருபத்து மூன்றரை கிரெயின்,
அட்டையில் பென்சிலால் வகுத்துப் பார்த்தேன்.
கோல் நூற்று இருபத்தொன்றரையில் நின்றது.
மூச்சை அடக்கிக்கொண்டு மறுபடி.
கதவைச் சாத்திவிட்டு மறுபடி.
இரண்டு கிரெயின் குறை. ஊர்க் கணக்கில் ஒரு குன்றிமணி.

"வட்டிக்கு வாங்கிச் செஞ்சது" என்றாள்.
"தேஞ்சிருக்கும்" என்றேன்.
"ஒரு நாள்கூடப் போட்டதில்லையே."
கொஞ்ச நேரம் கழித்து,
"உங்க தராசு சரியில்ல."

பத்து முறை, ஒரே கோடு, அகேட்,
எதையும் நான் சொல்லவில்லை.
ஹீட்டர் காற்றாக இருக்கும் என்றேன்.
ஹீட்டர் நின்று ஒரு மணி நேரம் ஆகியிருந்தது.
இருவரும் ஸ்வெட்டரில் இருந்தோம்.

மறுநாள் இரவு தூள் டப்பாவைத் திறக்கும் முன்
வழக்கம்போல் சோதனைக் கல்லை வைத்தேன்.
நாற்பத்தெட்டில் குண்டை நிறுத்தினாலும் தூக்குகிறது, ஐம்பதிலும் தூக்குகிறது,
ஐம்பத்திரண்டில்தான் சமன்.
தராசின் கால்திருகு ஏறியிருந்தது.
திருகின் விளிம்பில் மஞ்சள்பொடி, ஒரு விரல் அகலம்.

மேலே ஃபோனில் அவள் குரல்:
"ஆமாண்ணே, சரியா ஒரு பவுன், இவுகளே நிறுத்தாக."

திருகை மெல்ல இறக்கினேன்.
ஐம்பது, ஐம்பது.
தட்டைத் துடைத்தேன்.
திருகைத் துடைக்கவில்லை.