மறுகால்

முப்பத்தெட்டுப் பக்கப் படிவம்.
நான் மொழிபெயர்க்க வந்தவள்; நாளொன்றுக்கு இரண்டாயிரத்து ஐந்நூறு,
மதியச் சாப்பாடு தனி.
டாக்காவிலிருந்து மொஹ்சினா, காத்மாண்டுவிலிருந்து குருங்,
மட்டக்களப்பிலிருந்து தவராசா,
நிதி வைத்திருக்கும் வங்கியிலிருந்து
கைக்குட்டையை நனைத்துக் கழுத்தில் போட்ட ஓர் இளைஞன்.
ஒரே வேனில் மானூர் தாண்டி
ஆலடிக்குளத்துக் கரையில் இறங்கினோம்.

உடைப்பு அப்படியே கிடந்தது.
கிழிந்த மணல் மூட்டைகள்,
அவற்றினிடையே ஒரு ரப்பர் செருப்பு, இடது கால்.

மொஹ்சினா குனிந்து கரைமண்ணைக் கிள்ளினாள்.
உருட்டினாள், உதிர்ந்தது.
நுனிநாக்கில் வைத்துத் துப்பினாள்.
"களி குறைவு. எங்கள் ஊர் ஒப்பந்தக்காரர்களும் இப்படித்தான்."
நான் தமிழில் சொல்லுமுன்பே
பலவேசம் சிரித்துவிட்டார்.

உபரிநீர் வெளியேறும் அமைப்பு
என்று ஏழாம் பக்கத்தில் எழுதியிருந்தேன்.
"மறுகால்னு எழுதுங்கம்மா."
"எங்கட பக்கம் அது வான்" என்றார் தவராசா.
"குளம் வான் பாயுது எண்டால்
கீழ இருக்கிற ஊருக்குச் சந்தோசம்."
இரண்டு தமிழுக்கு நடுவில் எனக்கு வேலையில்லை.
சும்மா நின்றேன், கூலியோடு.

பதினான்காம் கேள்வி: பங்காளிகள் யார்?
மேல்குளமும் கீழ்குளமும் சேர்ந்து கையெழுத்திட்டால்தான் பணம்
என்றான் இளைஞன்.
நாலு நாடும் சேர்ந்து கேட்டால்தான் நிதி,
அதே விதிதான் என்றான்.

நொச்சிக்குளத்து நயினார்
வந்ததிலிருந்து பைக்கை விட்டு இறங்கவில்லை.
அந்த ராத்திரி அவர் ஆட்கள்தான்
தங்கள் கரை நிற்கட்டும் என்று
மறுகாலை மண்வெட்டியால் அகலமாக்கியவர்கள்.
போன் போட்டோம் என்கிறார் அவர்.
டவரே இல்லை என்கிறார் பலவேசம்.
இரண்டும் உண்மை.
பிசானம், அம்பை பதினாறு, பொதி கட்டிய பயிர்,
எழுபது ஏக்கர்.

எண்பது பங்கு கடன், இருபது பங்கு மானியம்,
வட்டி டாலரில்.
இதைச் சொல்லி முடிக்க எனக்கு இரண்டு மூச்சு ஆனது.
"மேல்குளத்துத் தண்ணிதான எங்களுக்கு வருது,
அதுக்கு என்னைக்காவது வட்டி கொடுத்திருக்கோமா?"
பலவேசம் கேட்டது வங்கியை.
பதில் பைக்கிலிருந்து வந்தது:
"நான் அனுப்புன வெள்ளத்துக்கு நீரும் வட்டி கேக்கலையே."

யாரும் சிரிக்கவில்லை.
எல்லாவற்றையும் வார்த்தை விடாமல் சொன்னேன்.
இளைஞன் குறித்துக்கொண்டான். எட்டிப் பார்த்தேன்:
உள்ளூர்க் கருத்து, சாதகம்.

அப்போதுதான் குருங் வாய் திறந்தார்.
எங்கள் குளத்துக்குக் கரை பனிக்கட்டி.
உருகி உடைந்தால் போன் பண்ண நேரமிருக்காது.
சைரன் வைத்தோம்.
மேலே இருப்பவன் அமுக்க வேண்டும்,
கீழே இருப்பவன் நம்பி ஓட வேண்டும்.
பேட்டரிக்கு யார் பணம் தருவது என்று மட்டும்
மூன்று வருடம் பேசினோம்.

"அந்தப் பேட்டரி என்ன விலை?"
நயினார் பைக்கிலிருந்து இறங்கியிருந்தார்.

மீன்பாசி ஏலப் பணத்தில் ஆளுக்குப் பாதி.
ஊதுகிற பொத்தான் நொச்சிக்குளத்தில்,
குழாய் ஆலடிக்குளம் பள்ளிக்கூட மாடியில்.
இதற்குப் படிவம் தேவைப்படவில்லை.
கரைக்குத் தேவை. கரைக்குக் கோடிகள் வேண்டும்,
அந்தக் கோடிகள் இங்கே யாரிடமும் இல்லை.

உள்ளூர்ப் பங்களிப்பு என்ற கட்டத்தில்
ஒரு சைரன், ஒரு பேட்டரி என்று எழுதினேன்.
அந்தக் கட்டம் எண்ணை மட்டும்தான் வாங்கும் என்றான் இளைஞன்.
அன்றைய மதிப்பில் டாலராக்கினேன்.
முந்நூற்றுப் பதினொன்று.
மொத்தத் தொகைக்குப் பக்கத்தில்
அது அச்சுப்பிழை மாதிரி இருந்தது.

திரும்பும்போது தூறல் பிடித்தது.
டிரைவர் வைப்பரைப் போட்டார்.
தவராசா மெதுவாகச் சொல்லிப் பார்த்தார்: மறுகால், மறுகால்.
மொஹ்சினாவின் நகக்கண்ணில் இன்னும் எங்கள் மண்.
அதன்பிறகு ஒருவரும் பேசவில்லை.
கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்துக்கொண்டே வந்தோம்,
தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறதென்று.